வெடைக்கோழி என்று பேசினார்கள், இறங்கியது கழித்துவிட்ட பண்ணைக்கோழி

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுப் பின்கட்டுக்கு, "நாட்டு வெடை பத்து, பத்துக்கோழிக் கூண்டு ஒன்று, தடுப்பூசி எல்லாம் போட்டது" என்று பேசி வாங்கினார்கள். முதல் வாரம் நாலைந்து முட்டை. பிறகு இறகு உதிர்ந்து முட்டை அடியோடு நின்றது. வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோயில் மூன்று செத்தன, கீரி இரண்டைக் கொன்றது. விற்றவரோ சொன்னதைத்தான் கொடுத்தேன் என்கிறார். புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரியாது என்பதை வைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது.

வெடை என்றால் இன்னும் முட்டையிடாத இளம்பெட்டை. நாட்டுக்கோழி ஆறாம் மாதவாக்கில்தான் முட்டைக்கு வரும். வாங்கும்போது கோழியைக் கையில் தூக்கிப் பாருங்கள். வெடைக்குக் கால் செதில் வழவழப்பாக இருக்கும். பின்புறம் கழிவுத்துளைக்குக் கீழே இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். இடையில் ஒரு விரல்தான் நுழைந்தால் இப்போது முட்டையிடவில்லை; இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது ஏற்கெனவே முட்டையிட்ட கோழி. எல்லாவற்றுக்கும் முன்னால் அலகைப் பாருங்கள். ஒன்றையொன்று கொத்தாமலிருக்க முட்டைப் பண்ணைகளில் அலகு நுனியை வெட்டிவிடுவார்கள். மொட்டை அலகோடு பழுப்புநிறக் கோழி வந்தால், பண்ணையில் காலம் முடிந்து கழித்தது என்று அறியுங்கள். முற்றத்தில் மேய்ந்து வளர்ந்த கோழிக்கு அலகு கூராக, முழுதாக இருக்கும்.

சிறுவிடை, அதாவது சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி, என்று சொல்லிக் கலப்பினத்தைத் தள்ளுவதும் உண்டு. சிறுவிடை தானே அடைக்கு உட்கார்ந்து 21 நாளில் குஞ்சு பொரிக்கும். முட்டைக்காக உருவாக்கிய கலப்பினங்கள் பெரும்பாலும் அடை உட்காராது. குஞ்சு பொரிக்கும் நினைப்பில் அதை வாங்குவது வீண்.

பெரிய ஏமாற்று கூண்டில்தான். அந்த வீட்டுக்கு வந்தது 3 அடி நீளம், 2 அடி அகலம். மொத்தம் 6 சதுர அடி. அடைத்து வைக்கும் நாட்டுக்கோழி ஒன்றுக்கு 2 சதுர அடியாவது வேண்டும், ஆக அது மூன்று கோழிக்கான கூண்டு. பத்தை அடைத்தால் எச்சத்தின் காரநெடி கண்ணையும் மூச்சையும் கெடுக்கும், கொத்துச்சண்டை வரும். கோழி ராத்திரி ஏறி உட்காரும் கட்டைக்குத் தலைக்கு 8 அங்குலம் கணக்கு. பத்துக் கோழிக்கு ஏறக்குறைய 7 அடி. அங்கே மெல்லிய இரும்புக் கம்பியை வைத்திருந்தார்கள், கால் புண்ணாகிப் போனது. முனை மழுக்கிய, 2 அங்குலக் கனமுள்ள மரக்கட்டை போடச் சொல்லுங்கள். கட்டை முட்டைப்பெட்டியைவிட உயரமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமிட்டு முட்டையை நாறடிக்கும். பெட்டி ஓரடிச் சதுரம், நாலைந்து கோழிக்கு ஒன்று போதும்.

வலை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். கீரியும் நாயும் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பிவலை) கேளுங்கள், அடியில் ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள். தகரக் கூரை நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அடுப்பு. கீற்றோ ஓடோ போட்டு, மேற்புறம் காற்றுப்போக இடம் விடுங்கள்.

"தடுப்பூசி போட்டது" என்றால் எந்த மருந்து, எந்தத் தேதி என்று கேளுங்கள். வெள்ளைக் கழிச்சலுக்குக் குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, 8ஆம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி. சொட்டு மட்டும் போட்டுவிட்டு எல்லாம் ஆயிற்று என்பார்கள். தேதி சொல்லமுடியாத கோழியைப் போடாததாகவே எண்ணிக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். வந்த கோழிகளை இரண்டு வாரம் பஞ்சாரக் கூடையில் தனியே கவிழ்த்து வைத்துப் பார்த்த பிறகே பழைய கோழிகளோடு விடுங்கள்.