எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பேட்டரி சார்ஜரும் மல்டிமீட்டரும்

பெங்களூரில் காரை வார இறுதியில் மட்டும் எடுப்பவர்களுக்குப் பேட்டரி இறங்கிப்போவது வாடிக்கையான தொல்லை. அதற்காக எஸ்.பி. ரோடு கடையொன்றில் 6 ஆம்பியர் தானியங்கி சார்ஜரையும் வோல்ட் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரையும் வாங்கினேன். இரண்டில் அதிகம் உதவியது விலை குறைந்த மல்டிமீட்டர்தான்.

இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய கால் பங்குதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். வராவிட்டால், ஓட்டத்தின்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டுமே தவிர, புது பேட்டரிக்குப் பணம் கொடுத்துப் பயனில்லை. (இந்தச் சோதனையைச் செய்யாமலேயே பேட்டரியை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகளுக்கு இங்கே பஞ்சமில்லை.) எங்கள் காரில் பாசிட்டிவ் முனையைச் சுற்றி நீலப்பச்சையாகப் பூத்திருந்த உப்பை, நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றிவிட்டு, சமையல் சோடா கரைத்த வெந்நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்து எடுத்து, காய்ந்தபின் வாசலின் தடவியதிலேயே ஸ்டார்ட்டரின் சோர்வு பெருமளவு நீங்கியது.

சார்ஜர் நிதானமாகவே வேலை செய்கிறது; பாதி இறங்கிய 45 ஆம்பியர்-அவர் பேட்டரிக்குச் சில மணி நேரம் பிடிக்கும், நிறைந்ததும் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் அடியோடு இறங்கிய பேட்டரியை அது பேட்டரியாகவே ஏற்க மறுக்கிறது. ஒயரும் குட்டை, பேஸ்மென்ட்டில் பிளக் பாயின்ட் இல்லாத அடுக்ககத்தில் இருப்பவர்கள், பேட்டரியைக் கழற்றிக் காற்றோட்டமான பால்கனிவரை சுமக்கத் தயாராக இருந்தால் மட்டும் இதை வாங்கலாம்.