பெற்றோல் செட்டின் மூன்றாவது அறை

காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே, சரிவில் இருக்கிற செட் இது. வரிசை சீக்கிரம் நகரும், மீதிக்காசு சரியாக வரும். அதற்கு மேல் பம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே சிந்துகிற எண்ணெய் முதலில் கீழே தோட்டத்து லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும், பிறகு கெஹெல்கமு ஓயாவுக்கும், கடைசியில் களனி கங்கைக்கும் போய்ச் சேரும். ஆகவே புள்ளி போட வேண்டியது கழிவுநீர் ஓடும் கானுக்குத்தான்.

பம்புகளைச் சுற்றி ஓடும் கான், மூன்று அறைகள் கொண்ட தொட்டியில் முடிகிறது. மண் முதல் அறையின் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். அறைக்கு அறை போகும் குழாயின் வாய் கீழ்நோக்கி வளைந்திருப்பதால் அடிநீர் மட்டுமே நகரும். மூன்றாவது அறையின் மூடியைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் திறக்கிறார்கள். வெயில் நாளில் நீர்மேல் எண்ணெய்ப் படலம் இல்லை.

மழை நாளில் அப்படியில்லை. கூரைநீரையும் இதே கானில் விட்டிருக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும்போது எண்ணெய் பிரிய நேரமே கிடைக்காது, தேங்கியிருந்ததும் சேர்ந்து வெளியே போய்விடும். கூரைநீருக்குத் தனிக் குழாய் போடுவது பெரிய செலவில்லை. இன்னொரு தவறு, சவர்க்காரத்தூள் போட்டுத் தரை கழுவுவது. அது எண்ணெயைப் பொடித்துளிகளாக்கி நீரோடு கலந்துவிடும், பிறகு முப்பது அறை கட்டினாலும் பிரியாது. சிந்தியதன்மேல் மணலோ மரத்தூளோ கொட்டி, ஊறியதும் அள்ளி, மூடியுள்ள பரலில் போட வேண்டும். மணல் வாளி இருக்கிறது. அதில் வெற்றிலை எச்சிலும் இருக்கிறது.

பவுசர் வண்டியிலிருந்து எரிபொருள் இறக்கும் முறை மட்டும் கச்சிதம். சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, மின்னேற்றம் நிலத்தில் இறங்கக் கம்பி மாட்டி, அளவுக்கோலை விட்டு, வரும் 6,600 லீற்றருக்குத் தாங்கியில் இடமுண்டா என்று பார்த்த பிறகே குழாயைப் பூட்டுகிறார்கள். கோலின் நுனியில் பசை பூசியிருக்கும். அது நிறம் மாறினால் தாங்கிக்குள் தண்ணீர். இங்கத்தைய மழைக்கு, நிரப்புவாய் மூடியின் றப்பர் வளையம் தேய்ந்திருந்தாலே போதும், தண்ணீர் இறங்கிவிடும். கோல் அளவையும் விற்பனையையும் தினமும் கொப்பியில் ஒப்பிடுகிறார்கள். குறைவு நாள்தோறும் வந்துகொண்டேயிருந்தால் தாங்கியோ குழாயோ கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தால் ஊர் என்ன பாடுபடும் என்பதை யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் பார்த்தோமே.

ஆட்டோக்காரர்கள் மாற்றும் பழைய எஞ்சின் ஒயிலை வாங்கிப் பரலில் சேர்ப்பது நல்ல வேலை. முன்பெல்லாம் அது ரோட்டோரக் கானில்தான் போகும். ஆனால் கேட்பவர்களுக்கு மரத்துக்குப் பூச அதிலேயே போத்தல் போத்தலாகக் கொடுக்கிறார்கள், அதை நிறுத்தினால் நல்லது. எஞ்சின் தேய்மானத்தில் வந்த உலோகமெல்லாம் அதில் இருக்கிறது.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. கசிவைக் கண்டால் யாருக்கு அறிவிப்பது என்ற பலகை சிங்களத்தில் மட்டும். கீழே பீலியில் குடம் வைப்பவர்கள் எல்லோரும் தமிழர். தொட்டி துப்புரவு செய்யும் நாளையும் லயத்துக்கு முன்கூட்டியே சொல்வதில்லை.

ஐந்துக்கு மூன்று புள்ளி. கூரைக் குழாயைப் பிரித்து, பலகையில் தமிழும் எழுதினால் நான்கரை.