செகாம்புட் பட்டறையில் பின் அச்சு: பழுதுபார்ப்பா, மேம்படுத்தலா?

உலு லங்காட் பக்கத்து ஆற்றுத் தடங்களில் பல ஆண்டுகள் ஓடிய என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் பின் அச்சில் எண்ணெய் கசிந்து, பேரிங் முனகத் தொடங்கியபோது, முழு அச்சையே வலுவானதாக மாற்றிவிடும் எண்ணத்தோடுதான் கோலாலம்பூர் செகாம்புட்டில் உள்ள இந்தப் பட்டறைக்குச் சென்றேன்.

பட்டறைக்கார அண்ணன் விலை எதுவும் சொல்லாமல் முதலில் டிஃப்ரன்ஷியல் (இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) எண்ணெயை வடித்துக் காட்டினார். தண்ணீர் கலந்து, தே தாரிக் என்னும் பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. பிறகு சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத் தண்டை உருவி, பேரிங்கை என்னையே சுழற்றச் சொன்னார். மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. ஆனால் தண்டு முனையில் டிஃப்ரன்ஷியலோடு பொருந்தும் பல்வரிகள் முறுக்கேறாமல் நேராக இருந்தன. இவ்வகை அச்சில் தண்டே சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் எடையையும் தாங்குவதால், பல்வரி முறுக்கியிருந்தால் பழுதுபார்க்கும் பேச்சுக்கே இடமில்லை என்று விளக்கினார்.

35 அங்குல டயரும், இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலப் பூட்டும் டிஃப் லாக்கரும் போட்டு ஏறுபவருக்கு வலுவான தண்டு அவசியம். என் 31 அங்குல டயருக்கு அது வீண் செலவு. ஆகவே இருபுறமும் பேரிங், சீல், பிடிவளையம் மட்டும் மாற்றி, அச்சுக்குள் காற்று போய்வரும் வழியான, தண்ணீர் புகுந்த பிரீதர் குழாயை உயரத்தில் கட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் என்றது நான்கு நாளானது உண்மையிலேயே சிரமம்தான். இருப்பினும், என் அடுத்த வேலையும் இவரிடமே.