டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் விளையாடும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக எழுதுகிறேன். வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் விளையாட்டு மாணவர்களின் பெயர் ஏறும் இணையப் பட்டியல்தான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். என் மகள் டென்னிஸ் ஆடுகிறாள். 2025 மே மாதம், கல்லூரி மாற்றித் தருவதாகச் சொன்ன ஓர் ஆலோசகரிடம் 2,400 டாலர் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அவள் கையில் இருந்த உதவித்தொகையும் போய்விட்டது.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "கோச்சிடம் பேசிவிட்டேன் அண்ணா. பாப்பாவுக்கு இடம் இருக்கிறது. போர்ட்டலில் பெயரை மட்டும் போடச் சொல்லுங்கள்." அந்தப் பேச்சிலேயே நான் விழித்திருக்க வேண்டும். மாணவரின் பெயர் போர்ட்டலில் ஏறும் முன் வேறு கல்லூரிப் பயிற்சியாளர் அவரிடமோ, அவருக்காக வருபவரிடமோ பேரம் பேசுவதை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி தடுக்கிறது. அவர் பேசியிருந்தால் விதிமீறல், பேசாமலிருந்தால் பொய்.

போர்ட்டலில் பெயர் சேர்க்க எவருக்கும் ஒரு காசு தர வேண்டாம். மாணவரே தன் கல்லூரியில் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால், இரண்டு வேலை நாட்களுக்குள் அவர்கள் பதிவு செய்தாக வேண்டும். 2018 அக்டோபரில் போர்ட்டல் தொடங்கியபோதே வந்த நடைமுறை இது. எங்கள் பில்லில் 'போர்ட்டல் பதிவு' என்ற வரிக்கு எதிரே 900 டாலர் போட்டிருந்தார்!

பெயர் ஏறிவிட்டால், அந்தப் படிப்புப் பருவத்தின் (செமஸ்டர்) முடிவில் பழைய கல்லூரி உதவித்தொகையை நிறுத்திவிடலாம். இதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. பெயரைத் திரும்பப் பெற்றாலும் பழைய இடத்தைத் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. எங்களுக்குத் தரவில்லை.

அதே ஆண்டு ஜூன் 6 அன்று, கல்லூரி விளையாட்டு மாணவர்களுக்குப் பணம் தருவது பற்றி என்.சி.ஏ.ஏ. மீது தொடுக்கப்பட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் அளித்தார். அதை ஏற்ற கல்லூரிகளில் டென்னிஸ் அணிக்கு 10 பேர்தான் உச்ச வரம்பு. 'இடம் இருக்கிறது' என்று சொல்லப்பட்ட கல்லூரியிலிருந்து இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்தது: அணி நிறைந்துவிட்டது, வாழ்த்துகள். மகள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அலைந்து திரிந்து வேறொரு கல்லூரியைப் பிடித்தோம். அங்கே அடுத்த அடி. '2024 முதல் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம்' என்று ஆலோசகர் சொன்னது பாதி உண்மை. படிப்புத் தகுதி இருந்தால்தான் ஆடலாம். மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். 120 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பு அலகு) கொண்ட படிப்பில் அது 48. அவள் 62 முடித்திருந்தாள். புதிய கல்லூரி அவளுடைய பட்டத்துக்குக் கணக்கில் எடுத்தது 41. மீதியை ஈடுகட்ட, கோடை விடுமுறையில் எங்கள் செலவிலேயே மூன்று பாடங்கள் படித்தாள்.

பெயர் கொடுக்கும் முன் செய்யக்கூடியவை இருக்கின்றன. உதவித்தொகை என்னவாகும் என்று கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். போக நினைக்கும் கல்லூரி எந்தப் பாடங்களை ஏற்கும் என்று பாருங்கள். பல கல்லூரிகள் அந்தப் பட்டியலை இணையத்திலேயே வைத்திருக்கின்றன. பெயர் ஏறிய பிறகு, கையெழுத்திட்ட உதவித்தொகை ஒப்பந்தம் கைக்கு வரும்வரை எந்தக் கோச் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அதை இடம் என்று எண்ணாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பதிவு செய்து கொடுத்தேன், என் வேலை முடிந்தது" என்று பதில் எழுதினார். இன்னும் நம் ஆட்களிடம்தான் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வந்தால் எனக்கு எழுதுங்கள், அந்தப் பில்லை அனுப்பிவைக்கிறேன்.