லாங்குவேஜ்டூல்: வினையில் விட்டுப்போகும் ‘எஸ்’ஸைப் பிடிக்குமா?

ஆங்கில நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் வந்தால் வினையோடு ஒரு ‘எஸ்’. விதி இவ்வளவுதான். ஆனாலும் மின்னஞ்சலிலும் வேலை விண்ணப்பத்திலும் முதலில் கண்ணை உறுத்தும் பிழை இதுதான். போகிறேன், போகிறாய், போகிறார்கள் என்று தமிழில் எல்லா இடத்துக்கும் விகுதி உண்டு. ஆங்கிலமோ ஐ, வீ, யூ, தே எல்லாவற்றுக்கும் வெறும் ‘கோ’ போதும் என்று விட்டுவிட்டு, ஓர் இடத்தில் மட்டும் ‘கோஸ்’ கேட்கிறது. போதாக்குறைக்குப் பெயரில் ‘எஸ்’ சேர்ந்தால் பன்மை. வினையில் சேர்ந்தால் ஒருமை.

இந்தப் பிழைக்காகவே லாங்குவேஜ்டூலை வைத்துக்கொள்ளலாம். எழுதியதில் உள்ள இலக்கணப் பிழைகளைக் கோடிட்டுக் காட்டும் மென்பொருள் இது, 2003இல் டேனியல் நேபர் தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காகத் தொடங்கியது. மூல நிரல் திறந்தது, அடிப்படைப் பயன்பாடு இலவசம். தமிழுக்கும் ஓரளவு விதிகள் உண்டு. ஆனால் எதை அதனிடம் விடலாம், எதை நாமே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அது வேலை செய்யும் விதம் இது: ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் இலக்கண வகையைக் காட்டும் முத்திரை குத்துகிறது. ‘கோஸ்’ என்றால் விபிஸெட் (‘எஸ்’ சேர்ந்த நிகழ்கால வினை), ‘கோ’ என்றால் விபிபி (‘எஸ்’ சேராதது). ‘ஹி’யை ஒட்டி விபிபி வந்தால் அடிக்கோடு. ஆனால் ‘டஸ் ஹி கோ’ சரியான வாக்கியம். அதிலும் ‘ஹி கோ’ ஒட்டித்தான் நிற்கிறது. இதற்காக விதிக்குள்ளேயே விலக்குகள் எழுதி வைக்கிறார்கள். ஆன்டிபேட்டர்ன் என்று பெயர். மென்பொருளின் தரம் பெரும்பாலும் இந்த விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது.

பிரதிப்பெயரை ஒட்டி வினை வந்தால் நம்பலாம். பெயர்ச்சொல் எழுவாயாக வரும்போது சிக்கல். ‘த மேனேஜர் பிளான் த லீவ்’ என்பதில் ‘பிளான்’ பெயராகவும் இருக்கலாம், வினையாகவும் இருக்கலாம். இப்படிச் சந்தேகம் உள்ள இடங்களில் விதி பேசாமல் இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் சரியான வாக்கியங்களிலும் கோடு விழும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே சொற்கள் நீள நீள விதியின் பிடி தளர்ந்துகொண்டே போகும். ‘த மேனேஜர், அலாங் வித் ஹிஸ் அசிஸ்டன்ட்ஸ், விசிட்ஸ்’ போன்றவற்றை நீங்களே பாருங்கள். ஆஃப், வித், அலாங் வித் என்று தொடங்கும் பகுதியை விரலால் மறையுங்கள். மிஞ்சும் பெயர் ஒருமையா பன்மையா? ‘எ நம்பர் ஆஃப் ஃபைல்ஸ்’ வந்தால் ஆர், ‘த நம்பர் ஆஃப் ஃபைல்ஸ்’ வந்தால் இஸ். ‘எ நம்பர் ஆஃப்’ போன்றவற்றில் விரல் மறைப்பு உதவாது, மனப்பாடம்தான்.

பரிந்துரையை அப்படியே சொடுக்குவது இன்னொரு பெரிய தவறு. ‘த ஸ்டூடன்ட்ஸ் கம்ஸ்’ என்று எழுதினால் திருத்தம் இரண்டு விதமாக இருக்கலாம்: ‘ஸ்டூடன்ட் கம்ஸ்’ அல்லது ‘ஸ்டூடன்ட்ஸ் கம்’. ஒருவரா பலரா என்பது எழுதியவருக்கே தெரியும். ‘வீ இன்சிஸ்ட் தட் ஹி கம்’ போன்ற வாக்கியத்தில் கோடு விழுந்தாலும் மாற்ற வேண்டாம். அங்கே ‘எஸ்’ வராதது சரிதான்.

மொழித் தேர்வில் வெறும் ‘இங்கிலீஷ்’ என்று விடாதீர்கள், எழுத்துப்பிழைச் சோதனை ஓடாது. பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று வகையைக் குறிப்பிடுங்கள். ‘த டீம் ஆர்’ பிரிட்டிஷ் வழக்கில் இயல்பு, அமெரிக்காவில் ‘இஸ்’ என்றே எழுதுவார்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

எழுதுவது வெளி சர்வருக்குப் போகக்கூடாது என்றால் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பை நிறுவி, லாங்குவேஜ்டூலின் ஜிப் கோப்பை விரித்து, அதை 8081 போர்ட்டில் சர்வராக இயக்குங்கள். லிப்ரேஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் 7.4 பதிப்பு முதல் மொழி அமைப்புகளுக்குள்ளேயே லாங்குவேஜ்டூல் சர்வருக்கான இடம் இருக்கிறது. அங்கே லோக்கல்ஹோஸ்ட், அதாவது உங்கள் கணினியின் முகவரியைக் கொடுத்தால் இணைந்துவிடும். முகவரியின் கடைசியில் ‘வி2’ விட்டுப்போனால் கோடே விழாது, பிழையே இல்லை என்று நினைத்துவிடுவோம். ‘ஷி கோ’ என்று தட்டிச் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கூடுதலாகக் கிடைக்கும் ஆங்கில என்-கிராம் தரவு (எந்தச் சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன என்ற கணக்கு) 8 ஜிபியைத் தாண்டும். அது ஒலி ஒத்த சொற்களின் குழப்பத்துக்கானது, எழுவாய்–வினைப் பொருத்தத்துக்காக மட்டும் அதை இறக்க வேண்டியதில்லை.