வீட்டை ஒட்டிய மயில்கொன்றையை எடுத்த மேஸ்திரி குழு: என் அனுபவம்

தாம்பரத்தில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி நின்ற மயில்கொன்றை (குல்மோகர்) மரம் மாமனார் வைத்தது. வெட்ட யாருக்கும் மனசில்லை. ஆனால் ஒரு பலத்த காற்றுக்குப் பிறகு மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்து, எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேடாகிவிட்டது. வேர் பிடி விட்டால்தான் அப்படி ஆகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த ஜாதி மரங்களை எப்படிச் சாய்த்தது என்று பார்த்தவர்கள் நாங்கள். ஐப்பசி மழைக்கு முன் எடுத்தே ஆகவேண்டும்.

முதலில் வந்தவர் தெருவில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒன்பதாயிரம் கொடுங்கம்மா, அரை நாள்ல சாய்ச்சிடலாம்" என்றார். கரண்ட் கம்பி இருக்கிறதே என்றால், "பாத்துக்கலாம்." வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த மேஸ்திரி மரத்தைவிட்டுத் தரையைத்தான் முதலில் பார்த்தார். "அம்மா, செப்டிக் டேங்க் எந்தப் பக்கம்? சம்ப் எங்க?" அரிவாளின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக் கேட்டார். "வேர் ஆடிப்போச்சு. இதுமேல என் பையனை ஏத்தமாட்டேன். கூடை வண்டிதான் வரணும்" என்றார். ஆளைக் கூடையில் நிற்கவைத்து மேலே தூக்கும் வண்டி அது. அதனால்தான் அந்தக் கேள்விகள்: வண்டியின் கால் டேங்க் மூடிமேல் ஊன்றினால் மூடி உடைந்து வண்டியே கவிழும். மரம் காம்பவுண்டுக்குள் இருந்தாலும் மாநகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னார். லைன்மேன் வந்து சர்வீஸ் வயரைக் கழற்றும்வரை ரம்பத்தைத் தொடவில்லை.

வேலை பார்க்கவேண்டிய வேலை! கிளைகளைத் தொடுவதற்கு முன்பே மரத்தில் வடம் போட்டு, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் உறுதியான வேம்பில் இழுத்துக் கட்டினார்கள். பாரம் குறைய, சாய்ந்த பக்கத்துக் கிளைகள் முதலில். ஒவ்வொன்றிலும் அடிப்புறம் கொஞ்சம் அறுத்து, அப்புறம் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தார்கள். நேராக மேலிருந்தே அறுத்தால் பாதியிலேயே கிளை முறிந்து, பட்டையை உரித்துக்கொண்டு எந்தப் பக்கம் வீசும் என்று சொல்லமுடியாது. பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே இருந்த பெரிய கிளையைத் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்கினார்கள். கூரையில் ஒரு கீறல் இல்லை.

தூரைத் தோண்டச் சொன்னேன், மறுத்தார். அஸ்திவாரம் ஓரத்தில் வேரைப் பிடுங்கினால் மண் இளகும் என்றார். சரிதான். எங்கள் பகுதி களிமண். மரம் உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் இனி மண்ணிலேயே தங்கி, மண் உப்பி, சுவர் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. கூரைத் தண்ணீரைச் சுவரோரம் தேங்கவிடாமல் குழாய் போட்டுத் தெருப்பக்கம் திருப்பியிருக்கிறோம்.

குறைகளும் உண்டு. கூடையில் நின்றவருக்கு ஹெல்மெட்டும் பெல்ட்டும் இருந்தன. கீழே கயிறு பிடித்தவருக்கு எதுவுமே இல்லை. மேலே ரம்பம் ஓடும்போது கீழே நிற்பவருக்குத்தானே ஆபத்து அதிகம்? நான் சத்தம் போட்ட பிறகுதான் வண்டியிலிருந்து ஹெல்மெட் எடுத்துக் கொடுத்தார்கள். சம்ப்பை மூடிவைக்கச் சொல்லவில்லை, மரத்தூள் விழுந்து தண்ணீரை இறைத்துவிட்டுக் கழுவவேண்டியதாயிற்று.

கூடை வண்டியோடு சேர்த்து 26,000 ரூபாய். மரத்தை அள்ளிப்போன லாரிக்கு 4,000 தனி. வேம்பாக இருந்தால் விலை வைத்து எடுத்துக்கொள்வார்களாம், மயில்கொன்றைக் கட்டைக்கு மதிப்பில்லை. அதைக் கடைசியில்தான் சொன்னார்கள். லாரி வாடகை உள்ளடக்கமா என்று பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் இவர்களைத்தான் சொல்லியிருக்கிறேன்.