ராகி மாவு பாக்கெட் மெஷினில் சர்வோ மோட்டார்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

தர்மபுரியில் மாவு, மசாலா, புளி என்று பாக்கெட் போடும் யூனிட் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "சர்வோ எத்தனை வாட் போட்டீங்க, எந்தக் கம்பெனி?" என்பதுதான். இரண்டுமே கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்விகள் என்பது என் கருத்து. சர்வோ என்பது சொன்ன அளவு சுற்றி, சொன்ன இடத்தில் நிற்கும் மோட்டார். நான்கு வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில், மோட்டார் தொந்தரவு செய்தது அபூர்வம். தொந்தரவு எல்லாம் அதைச் சுற்றி இருந்தவற்றில்தான் வந்தது.

எங்களுடையது பிலிம் சுருளிலிருந்து பையை உருவாக்கி, மாவை நிரப்பி, ஒட்டி வெட்டும் செங்குத்து மெஷின். முன்பு பிலிமை இழுப்பதும், மாவைப் பைக்குள் தள்ளும் ஆகர் என்ற திருகைச் சுற்றுவதும் கிளட்ச்-பிரேக் வேலை. லைனிங் தேயத் தேய ஆகர் நிற்கும் இடம் நகரும், எடையும் அதோடு சேர்ந்து நகரும். காலையில் சரியாக வைத்த எடையை மதியம் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். அந்த இரண்டையும் கழற்றிவிட்டு, பிலிமுக்கு 400 வாட், ஆகருக்கு 750 வாட் சர்வோ போட்டோம்.

பிலிம் மோட்டாருக்குப் போட்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பை நீளம் 200 மில்லிமீட்டர். அதை 0.4 விநாடியில் இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்கும் சக்கரம் 80 மில்லிமீட்டர் விட்டம், சுற்றளவு சுமார் 251. ஆக ஒரு பைக்கு முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. பாதி தூரம் வேகம் ஏறி, பாதி தூரம் இறங்கினால் சக்கரத்தின் உச்ச வேகம் நிமிடத்துக்கு சுமார் 240 சுற்றுதான். 3000 சுற்றுக்கான மோட்டாரை நேரடியாக மாட்டினால் அதன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் பயன்படுத்துவதில்லை. நடுவில் ஐந்துக்கு ஒன்று என்று டைமிங் பெல்ட் வைத்தால் மோட்டார் 1200-இல் ஓடும், டார்க் (சுழற்றும் விசை) ஐந்து மடங்காகும். அதைவிடப் பெரிய லாபம், சக்கரத்தின் நிலைமம் மோட்டாருக்கு 25-இல் ஒரு பங்காகத் தெரியும், ஏனென்றால் விகிதத்தின் வர்க்கத்தால் வகுபடும். நிறுத்தும்போது ஆட்டம் இல்லாமல் நிற்பது இதனால்தான். "பெரிய மோட்டாரா போட்ருங்கண்ணா, நிம்மதியா இருக்கும்" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பற்களுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைந்த பிளானட்டரி கியர்பாக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்ததும் சரியாகத்தான் வந்தது. பிலிம் சக்கரமும் சரி, ஆகரும் சரி, திசை மாறாமல் ஒரு பக்கமாகவே சுற்றுகின்றன. முன்னும் பின்னும் போய்வரும் வேலையில்தான் கியர் இடைவெளி பெரிய பிரச்சினை. அதேபோல பிரேக் வைத்த மோட்டாரும் மின்சாரம் போனாலும் நின்ற இடத்தை மறக்காத, பேட்டரி வைத்த அப்சல்யூட் என்கோடரும் (என்கோடர் என்பது மோட்டார் சுற்றிய அளவைப் பார்க்கும் சென்சார்) இங்கே தேவையில்லை. மின்சாரம் போய் வந்தால் பிலிமில் அச்சடித்த கறுப்பு மார்க்கை சென்சார் பார்த்துக்கொள்ளும், ஆகருக்குத் தொடக்க இடம் என்று ஒன்றும் கிடையாது. விற்பவர்கள் இவற்றையும் சேர்த்தேதான் கொட்டேஷன் கொடுப்பார்கள். ஏன் என்று கேளுங்கள்.

இனி எடை விஷயம். சர்வோ போட்டால் கிராம் சுத்தமாக நிற்கும் என்று நம்பி வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எங்கள் ஆகர் ஒரு சுற்றுக்குச் சுமார் 50 கிராம் தள்ளும், 500 கிராம் பைக்குப் பத்து சுற்று. நிற்கும் இடம் ஒரு டிகிரி தவறினால் எடை 0.14 கிராம்தான் மாறும். சர்வோ அதைவிடத் துல்லியமாகவே நிற்கிறது. ஆனால் ஆகர் அளப்பது எடையை அல்ல, கன அளவை. மாவின் அடர்த்தி 3 சதவீதம் மாறினால் 15 கிராம் போய்விடும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி 500 கிராம் பைக்கு அதிகபட்சம் அனுமதிக்கப்பட்ட பிழையும் அதே 15 கிராம்தான், அதிலும் சராசரி எடை குறையக் கூடாது. ஆகருக்கு மாவு கொடுக்கும் தொட்டியான ஹாப்பர் நிறைய மாவு இருக்கும்போது அழுத்தத்தில் திருகுக்குள் இறுகிப் போகும், கால்வாசிக்கு இறங்கினால் தளர்வாகப் போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ராகி மாவு கட்டி தட்டுவது தனிக் கதை. ஹாப்பரில் மட்டம் பார்க்கும் சென்சார் ஒன்றை வைத்து, மேலிருந்து வரும் கன்வேயரை அதோடு இணைத்த பிறகுதான் எடை உண்மையில் அடங்கியது. சர்வோ விலையோடு ஒப்பிட்டால் அந்த சென்சார் ஒன்றுமே இல்லை. பட்ஜெட் குறைவு என்றால் அதை முதலில் செய்யுங்கள்.

பொருத்தும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: சுத்தியல் பக்கத்திலேயே வரக் கூடாது. புல்லி இறுக்கமாக இருக்கிறது என்று ஃபிட்டர் ஷாஃப்டில் இரண்டு தட்டு தட்டினால், அந்த அடி நேராகப் பின்பக்கம் இருக்கும் என்கோடருக்குப் போகும். ஷாஃப்ட் முனையில் மரை போட்ட துளை இருப்பதே போல்ட் வைத்துப் புல்லியை உள்ளே இழுப்பதற்குத்தான். பெல்ட்டை வீணைக் கம்பி போல முறுக்குவதும் அப்படித்தான் கெடுதல். 750 வாட் மோட்டார்களில் ஷாஃப்ட் மீது பக்கவாட்டில் தாங்கும் பாரம் பொதுவாக 392 நியூட்டன், அதாவது 40 கிலோ அளவு. அதை மீறினால் பேரிங் முனக ஆரம்பிக்கும். எங்கள் ஆகர் மோட்டாரில் மூன்றாவது வருடம் வந்த சத்தம் அதுதான். மோட்டார் செலவு என்று இதுவரை வந்தது அந்த பேரிங் மட்டும்.

கரண்ட் பற்றி. மோட்டாருக்குக் கரண்டைக் கட்டுப்படுத்தித் தரும் சின்ன சர்வோ டிரைவ்கள் பல 230 வோல்ட் ஒற்றை ஃபேஸில் ஓடும் என்பதால், நம் எலக்ட்ரீஷியன்கள் ஃபேஸ்-நியூட்ரல் கொடுத்து முடித்துவிடுவார்கள். நியூட்ரல் ஒருநாள் லூசானால் அந்தப் பக்கம் வோல்டேஜ் எகிறும், டிரைவ் ஓவர்வோல்டேஜ் அலாரத்தோடு நின்றால் அதிர்ஷ்டம். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415-லிருந்து 220-க்கு இறக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தோம். இடத்தை அடைக்கும், கனமும் அதிகம், ஆனால் ஜெனரேட்டருக்கு மாறும்போதுகூட டிரைவ் அலட்டிக்கொள்வதில்லை.

வெயில் காலம் வந்தால் டிரைவ்கள் இருக்கும் பேனல்தான் பலவீனம். பெரும்பாலான டிரைவ்கள் சுற்றிலும் 55 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும், சிலவற்றில் 45-க்கு மேலேயே திறனைக் குறைத்துக் கணக்கிடச் சொல்வார்கள். சித்திரையில் தகர ஷெட்டுக்குள் மூடிய பேனல் என்றால் அது ஒன்றும் தூரமான எண் இல்லை. ஃபேன் இருக்கிறதே என்றால், அதன் ஃபில்டரை ராகி மாவு ஒரு வாரத்தில் அடைத்துவிடுகிறது. கடைசியில் பேனலையே மாவு அறைக்கு வெளியே சுவரில் மாட்டி, நீள கேபிள் இழுத்தோம். அன்றோடு ஓவர்ஹீட் அலாரம் ஓய்ந்தது. மோட்டார் உடம்பு கை வைக்க முடியாத சூட்டில் இருப்பது சாதாரணம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கேபிள் நீண்டதும் வேறொன்று கிளம்பியது. பிலிம் திடீரென்று பாதியில் நிற்கும், மார்க் இல்லாத இடத்தில் வெட்டும். மார்க் சென்சார் வயரும் மோட்டார் கேபிளும் ஒரே டக்டில் ஒட்டிக்கொண்டு போயிருந்தன. இரண்டையும் ஒரு ஜாண் தள்ளிப் பிரித்து, மோட்டார் கேபிளுக்குள் வயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டை வால் போல முறுக்கி விடாமல் உரித்த இடத்தில் முழுச் சுற்றாகக் கிளாம்ப் போட்டு எர்த் செய்ததும் சரியானது. டிரைவ் தானே சுமையைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டியூனிங்கை ஹாப்பரில் மாவோடு செய்யுங்கள். வெறும் ஆகரில் செய்துவிட்டு மாவு போட்டால் சுமை மாறி, போட்ட டியூனிங் பொருந்தாமல் போகும்.

பிராண்டைப் பொறுத்தவரை மிட்சுபிஷி, பானசோனிக், யாஸ்காவா, டெல்டா எதுவாக இருந்தாலும் இந்த வேலைக்குத் தாராளம். பெங்களூரிலிருந்தோ கோவையிலிருந்தோ அடுத்த நாள் பஸ் பார்சலில் ஸ்பேர் வருமா, போனில் அலாரம் நம்பர் சொன்னால் புரிந்துகொள்ளும் ஆள் விற்ற இடத்தில் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். முதலில் நாங்கள் விசாரித்த ஒரு விற்பனையாளர் விலை குறைவாகத்தான் சொன்னார், என்கோடர் கேபிளுக்கு மட்டும் ஆறு வாரம் என்றார். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அடுத்த மெஷினுக்கு இரண்டு பக்கமும் 750 வாட்டே போடப் போகிறோம். பிலிமுக்கு அது அதிகம்தான், மோட்டாரை மாட்டும் முகப்பான ஃபிளாஞ்சும் 60 மில்லிமீட்டரிலிருந்து 80 ஆகும், தகட்டை மாற்றி வெட்ட வேண்டும். ஆனால் ஒரு டிரைவ், ஒரு மோட்டார் அலமாரியில் வைத்துக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் அதுவே ஸ்பேர்.